தூளி கட்டித் தூங்கலாமா? மலைக்கு எடை குறைந்த ஹேமக் வாங்குமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

என் பையில் ஹேமக் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, கூட நடக்க வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சிலர் வாங்குமுன் கேட்கிறார்கள், பலர் வாங்கி ஒரு ராத்திரி முதுகு வலியோடு எழுந்த பிறகு கேட்கிறார்கள். இரண்டாவது வகை ஆட்களைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், எளிதானவை முதலில்.

1. ஹேமக்னா தோட்டத்துல தொங்குமே, அந்த வலை ஊஞ்சல்தானே? அதையே சுருட்டி எடுத்துட்டுப் போனா போதாதா?

போதாது. அந்த ஊஞ்சலில் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து வலையை விரித்துப் பிடித்திருப்பார்கள், கயிறும் பருத்தி. தூக்கினாலே கனக்கும், நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். கட்டை வைத்து விரித்திருப்பதால் கொஞ்சம் புரண்டாலும் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

மலைக்கு எடுத்துப் போகிற ஹேமக் வேறு; அது நம் வீட்டுத் தூளிதான். உத்தரத்தில் சேலையைக் கட்டிக் குழந்தையைப் போடுகிறோமே, அதே அமைப்பு. ஒரே நீளத் துணி, இரண்டு முனையிலும் கொசுவம் வைத்த மாதிரி சுருக்கிக் கட்டியிருக்கும், கட்டை கிடையாது. ஆள் உள்ளே உட்கார்ந்ததும் துணி இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வதால் லேசில் கவிழாது. ஹேமக் என்ற பெயரே கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் சொன்ன 'ஹமாக்கா'விலிருந்து வந்தது. அவர்கள் தூங்கியதும் கட்டையில்லாத தூளியில்தான்.

2. டென்ட் இருக்கும்போது இது எதுக்கு? எடை நிஜமாவே குறையுமா?

பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். கடையில் '300 கிராம்' என்று போட்டிருப்பது துணிக்கு மட்டும். ராத்திரி தூங்குவதற்கு வேண்டியதை எல்லாம் கூட்டுங்கள். ஹேமக் 300 கிராம், மரத்தில் கட்டும் நாடா இரண்டும் சேர்ந்து 180, கொசுவலை 200, மேலே மழைக்குக் கட்டும் தார்ப்பாய் 400, அதற்கான கயிறும் முளையும் 100, குளிர்ப்பிரதேசம் என்றால் முதுகுக்குக் கீழே ஏதாவது ஒன்று 500. கூட்டினால் 1,680 கிராம். ஒரு ஆள் டென்ட் 1.2 முதல் 1.5 கிலோ, தரை விரிப்பு 300 முதல் 400 கிராம். ஆக இரண்டும் சமம்தான், சில சமயம் டென்டே லேசு.

எடை குறைவது எப்போது என்றால், சில பொருளை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடிகிற பயணங்களில். வெப்பமான, மழையில்லாத ராத்திரிக்கு ஹேமக், நாடா, கொசுவலை மூன்றும் போதும், 680 கிராம். டென்டில் இப்படிப் பிரித்து விட்டுப்போக அதிகம் வழியில்லை. என்னைக் கேட்டால் எடைக்காக ஹேமக்குக்கு மாறவே வேண்டாம். தூக்கத்துக்காக மாறுங்கள். சரிவான தரை, கல், வேர், சேறு எதுவும் உங்களைத் தொடாது. ஏற்காடு பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் சமதரையே கிடைக்காமல் டென்ட் வைத்திருந்தவர்கள் ராத்திரி முழுக்கச் சரிந்துகொண்டே இருந்தார்கள். நான் அதே சரிவில் ஏழு மணி நேரம் அசையாமல் தூங்கினேன்.

3. எவ்வளவு நீளம் வாங்கணும்? நான் ஐந்தே முக்கால் அடி, 270 செ.மீ. போதும்னு கடையில சொன்னாங்க.

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தூளியில் நேராக, நீளவாக்கில் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும், முழங்கால் பின்பக்கமாக அழுந்தும். வளையாமல் படுக்க ஒரே வழி மூலைவாட்டில் படுப்பது. தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால் மறுபக்கம். அப்படிப் படுத்தால் துணி தட்டையாக விரியும், முதுகு கிட்டத்தட்ட கட்டிலில் படுத்த மாதிரி நேராகிவிடும். இப்படிப் படுக்கத் துணி நீளமாக இருந்தாக வேண்டும். குட்டையான துணியில் மூலைவாட்டில் திரும்பினால் தோள் இறுக்கும், குதிகால் விளிம்பில் இடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக வழுக்கி நடுக்கோட்டுக்கே வந்துவிடுவீர்கள்.

நம் ஊரில் இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 260 அல்லது 270 செ.மீ. அமெரிக்காவில் பேர்போன ஈனோ டபுள்நெஸ்ட் கூட 9 அடி 4 அங்குலம்தான், அதாவது 285 செ.மீ. பகலில் ஒரு மணி நேரம் சாய்ந்து புத்தகம் படிக்க இவை போதும். ராத்திரி தூங்க ஐந்தரை அடிக்குள் இருப்பவர்களுக்கு 305 செ.மீ., அதற்கு மேல் 335 செ.மீ., அதாவது 11 அடி. இது துணியின் நீளம், கட்டிய பிறகு இரண்டு முனைக்கும் உள்ள தூரம் இல்லை. என் முதல் ஹேமக் 270 செ.மீ., எடை குறைவு என்பதற்காகவே வாங்கினேன், மூன்று ராத்திரிக்கு மேல் அதில் தூங்க முடியவில்லை. 335-க்கு மாறியபோது கூடுதலாகச் சுமந்தது ஒரு முட்டை எடை.

4. அண்ணா, நீளமா வாங்கியும் முழங்கால் வலிக்குது. என்ன தப்பு பண்றேன்?

மூலைவாட்டில் படுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து கால் ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். அடுத்தது, அதிகம் இழுத்து விறைப்பாகக் கட்டியிருப்பீர்கள். புதிதாகக் கட்டுகிற எல்லோருக்கும் கை தானாக இழுத்துத்தான் கட்டும், கட்டில் மாதிரி தட்டையாக வரும் என்ற நினைப்பில். நடப்பது நேர்மாறு. தொய்வாகக் கட்டினால்தான் மூலைவாட்டில் தட்டையாகப் படுக்க இடம் கிடைக்கும்.

கால் பக்கத்தைத் தலைப்பக்கத்தை விட ஒரு சாண் உயர்த்திக் கட்டிப் பாருங்கள். உடம்பின் பாரம் இடுப்புக்கு மேலேதான் அதிகம், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் தூக்கத்தில் கால் பக்கமாக வழுக்கிப்போய் முழங்கால் மடங்கும். அப்படியும் வலித்தால் உடுத்தாத சட்டை ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள்.

5. டபுள்னு போட்டிருக்கே, நானும் என் மனைவியும் ஒண்ணா தூங்கலாமா?

உட்கார்ந்து பேசலாம், தூங்க முடியாது. இரண்டு பேரும் உருண்டு நடுவில் ஒட்டிக்கொள்வீர்கள், மூலைவாட்டில் படுக்க யாருக்கும் இடம் இருக்காது. டபுள் என்பது அகலத்தைத்தான் சொல்கிறது. ஒரு ஆளுக்கு 145, 150 செ.மீ. அகலம் தாராளம். அதற்கு மேல் அகலம் போனால் துணி முகத்தின் மேல் மடிந்து விழும், எடையும் ஏறும். நீளத்தில் காசு போடுங்கள், அகலத்தில் வேண்டாம். இரண்டு பேர் என்றால் இரண்டு ஹேமக், பக்கத்துப் பக்கத்து மரத்தில்.

6. 70டி, 40டி, 210டி-ன்னு ஏதேதோ போடுறாங்க. பாராஷூட் துணினு வேற சொல்றாங்க. எது எடுக்கட்டும்?

இதில் இரண்டு வேறு 'டி' இருக்கின்றன, அதனால்தான் குழப்பம். ஒன்று ஆங்கில D, அதாவது டீனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டீனியர் எண். 70 டீனியர் நூல் தடிமன், 20 டீனியர் மெலிசு. இன்னொன்று 210-க்குப் பின்னால் வரும் ஆங்கில T, ஒரு சதுர அங்குலத்தில் நீளமும் குறுக்குமாக ஓடுகிற நூல்களின் எண்ணிக்கை. அது நெசவின் நெருக்கத்தைச் சொல்கிறது. பாராஷூட் துணி என்பது விற்பனைப் பேச்சு. மலிவு ஹேமக்குகளில் வருவது பெரும்பாலும் 70 டீனியர் நைலான் டாஃபெட்டா. நல்ல துணிதான், கொஞ்சம் எடை கூட.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 335 × 147 செ.மீ. துணி ஏறக்குறைய 5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 54 கிராம் உள்ள துணியில் 270 கிராமை ஒட்டி வரும், 34 கிராம் துணியில் 170. நூறு கிராம் மிச்சம். ஆனால் மெலிசுத் துணி அதிகம் இழுபடும், எடை எல்லையும் குறைவு, பேன்ட் பையில் மறந்த சாவி, பெல்ட் கொக்கி எல்லாம் அதற்கு எமன். நீங்கள் 75 கிலோவுக்குள் இருந்து, பொருளைப் பத்திரமாகப் புழங்குகிறவர் என்றால் மெலிசு எடுங்கள். முதல் ஹேமக் என்றால் நடுத்தரம், 40 டீனியரை ஒட்டியது. எதுவானாலும் ரிப்ஸ்டாப் நெசவு நல்லது: கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும், சின்னக் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்க வாய்ப்பு உண்டு.

7. 200 கிலோ தாங்கும்னு போட்டிருந்தது, நான் 70 கிலோதான். அப்படியும் அறுந்துடுச்சே, ஏமாத்திட்டாங்களா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் எப்படிக் கட்டினீர்கள் என்று பார்க்க வேண்டும். நாடா தரைக்கு இணையான கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்க நாடாவிலும் விழும் இழுவை 70 கிலோ. அதையே இழுத்துக்கட்டி 15 பாகை ஆக்கினால் 135 கிலோ. 10 பாகையில் 200 கிலோ. 5 பாகையில், பார்ப்பதற்கு நேர்கோடு மாதிரி இருக்கும், 400 கிலோ. ஆள் எடை மாறவில்லை, கோணம் மட்டும் மாறியது. இதுவும் மெதுவாக உட்கார்ந்தால் வருகிற கணக்கு. தொப்பென்று விழுந்தால் இன்னும் ஏறும். கயிற்றின் நடுவில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் இது கைக்கே தெரியும்: கயிறு தொய்ந்திருந்தால் எளிது, விறைப்பாக நேராக்க முயன்றால் உயிர் போகும்.

30 பாகையைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கையைத் துப்பாக்கி மாதிரி வையுங்கள், கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக ஹேமக்கைப் பார்த்து. கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்கு ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். நாடா மரத்திலிருந்து அந்தச் சாய்வில் இறங்கினால் சரி. மரங்களுக்கு இடையே 4.5 மீட்டர் இருந்தால், 11 அடி ஹேமக்குக்கு நாடாவை 190 செ.மீ. உயரத்தில், அதாவது தலைக்கு மேல் கட்ட வேண்டிவரும். 3.6 மீட்டர்தான் என்றால் 165 போதும். படுத்த பிறகு அடிப்பக்கம் நாற்காலி உயரத்தில், 45 செ.மீ. அளவில் நிற்க வேண்டும். அதற்கு மேலே கட்டாதீர்கள். எது அறுந்தாலும் விழுகிற உயரம் அவ்வளவோடு போகட்டும். கீழே கூர்மையான கல், வெட்டின குச்சியின் முனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

8. கூடவே கயிறும் எஸ் கொக்கியும் தர்றாங்களே, அது போதாதா?

அந்தக் கயிற்றைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு பாரம் ஏறியதும் மரப்பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிரோட்டமே நடக்கிறது. சுற்றிலும் அறுபட்டால் மரம் பட்டுப்போகும். ஒரு மிளகுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் கட்டும்போது மேலே ஏறியிருந்த மிளகுக் கொடியை நான் கவனிக்காமல் சேர்த்து இறுக்கிவிட்டேன். காலையில் தோட்டக்காரர் நசுங்கிய கொடியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நாடாவை எடுப்பதில்லை.

வேண்டியது ஒரு அங்குலமாவது அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. நைலான் நாடா வேண்டாம், பாரத்துக்கு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும், காலையில் முதுகு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். லாரியில் சுமை கட்டுகிற ஒரு அங்குல பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், அதிலிருந்து நாடாவை மட்டும் வெட்டி எடுத்து முனையில் காது தைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், மலிவு, உறுதி, கொஞ்சம் எடை. வரிசையாகக் காது தைத்து வரும் நாடா பழகாதவர்களுக்குச் சுலபம், ஒரு ஜோடி 300 கிராம் வரை போகும். எடை குறைக்க வேண்டுமானால் குட்டை நாடாவும் வூப்பி ஸ்லிங்கும்: ஆம்ஸ்டீல் என்கிற மெல்லிய கயிற்றில் நீளம் கூட்டிக் குறைக்கும் சுருக்கு. 3 மி.மீ. தடிமன்கூட இல்லாத அந்தக் கயிறு 600 கிலோவுக்கு மேல் தாங்கும், ஆனால் அதை நேராக மரத்தில் சுற்றக் கூடாது. மரத்துக்கு எப்போதும் நாடா. கேரபைனர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) வாங்கினால் எவ்வளவு இழுவை தாங்கும் என்று கிலோநியூட்டனில் பொறித்திருப்பதாக வாங்குங்கள், சாவிக்கொத்துக் கொக்கி உயிருக்கு ஆபத்து.

9. எந்த மரத்துல கட்டலாம்? படத்துல எல்லாம் தென்னை மரத்துலதான் கட்டியிருக்காங்க.

படத்துக்குச் சரி. தென்னந்தோப்பில் வளர்ந்தவர்கள் யாரும் காய்ச்ச மரத்தடியில் தூங்க மாட்டார்கள். தேங்காய் மட்டுமில்லை, காய்ந்த மட்டை ஒன்று அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே போதும். முருங்கை பார்க்கத் தடியாக இருக்கும், பாரம் தாங்காமல் ஒடியும். யூகலிப்டஸ் காற்றே இல்லாமல் கிளையை உதிர்க்கும்.

உயிருள்ள மரம், நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் குறுக்களவுக்குக் குறையாதது, நேராக நிற்பது. கையால் தள்ளிப் பாருங்கள், உச்சி ஆடினால் வேறு மரம் தேடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள், பட்டுப்போன கிளை ஏதும் மேலே தொங்கினால் அந்த இடம் வேண்டாம். செங்கல் தூண், கேட் தூண், மதில் எதிலும் கட்டாதீர்கள். அவை மேலிருந்து வரும் பாரத்துக்காகக் கட்டியவை, பக்கவாட்டு இழுவைக்கு அல்ல. தூண் சாய்ந்து படுத்திருந்தவர் மேல் விழுந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. 7-வது பதிலில் உள்ள இழுவைக் கணக்கை ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று புரியும்.

10. கொசு, எறும்பு, அட்டை எல்லாம் வராதா?

கொசு வரும், மெலிசுத் துணி என்றால் முதுகுப்பக்கமிருந்தே துணி வழியாகக் கடிக்கும். வலை ஹேமக்கோடு சேர்த்துத் தைத்து வருவதும் உண்டு, தனியாக மேலே போர்த்துவதும் உண்டு. சேர்த்துத் தைத்தது எடை குறைவு, கட்டுவதும் சுலபம், ஆனால் பகலில் சும்மா உட்கார இடைஞ்சல். சில மாடல்களில் ஜிப்பைக் கழற்றி வலையை ஒதுக்கலாம், நம் ஊருக்கு நான் சொல்வது அதுதான். தனி வலை வாங்கினால் அடிப்பக்கமும் சேர்த்து முழுதாக மூடுகிற உறை மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், முதுகுக் கடிக்கும் அது மருந்து.

எறும்பு நாடா வழியாக வரும். மாமரத்தில் முசுறு இருக்கிறதா என்று பாருங்கள், இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டியிருக்கும். ஒரு முறை கடிபட்டால் மறக்காது. அட்டை மழைக்காலத்தில் மேற்கு மலைத்தொடர் எங்கும் உண்டு, அந்த விஷயத்தில் தரையை விட ஹேமக் எவ்வளவோ மேல். ஆனால் ஏறும்போது செருப்போடும் சாக்ஸோடும் அதை நீங்களே உள்ளே கூட்டிவந்துவிடாதீர்கள்.

11. மேல தார்ப்பாய் கட்டியும் முதுகு நனைஞ்சுடுச்சு. எங்கேயும் ஓட்டை இல்லை. எப்படி?

நாடா வழியாக வந்திருக்கும். மழைத்தண்ணீர் மரத்தில் வழிந்து, நாடாவைப் பிடித்துச் சரிவில் இறங்கி, நேராக ஹேமக் துணிக்குள் போகும். எனக்கு இது நடந்தது ராத்திரி மூன்று மணிக்கு. டார்ச் அடித்துப் பார்த்தபோது நாடாவின் அடிவிளிம்பில் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நகர்ந்து வந்துகொண்டிருந்தன. ஷூ லேஸைக் கழற்றி, ஹேமக் தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நாடாவில் முடிந்து கீழே தொங்கவிட்டேன். துளிகள் அந்த இடம் வந்ததும் திரும்பி லேஸ் வழியாகத் தரைக்கு இறங்கின. இரண்டு பக்கமும் ஒரு சாண் பருத்திக் கயிறு, அவ்வளவுதான் வைத்தியம். அந்த முடிச்சு தார்ப்பாய்க்கு உள்ளே இருக்க வேண்டும்.

தார்ப்பாய் 11 அடி ஹேமக்குக்கு 335 செ.மீ. நீளமாவது வேண்டும். கட்டிய ஹேமக் முனைக்கு முனை 280 செ.மீ.க்குப் பக்கம் வரும், இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் மிச்சம் இருந்தால்தான் சாரல் படாது. சிலிகான் பூசிய நைலான் நனைந்தால் தொய்யும், ராத்திரி எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். சிலிகான் பூசிய பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. நான் பாலியெஸ்டர் பக்கம். கடைத்தெருவில் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், எடைதான் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு.

12. நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் முதுகு மட்டும் ஐஸ் மாதிரி ஆயிடுது, ஏன்?

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை, உள்ளே உப்பிய பஞ்சில் காற்றைப் பிடித்துவைத்து உங்கள் சூட்டைக் காக்கிறது. நீங்கள் மேலே படுத்ததும் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடும். தரையில் படுத்தாலும் இதேதான், ஆனால் அங்கே விரிப்பு காப்பாற்றும். ஹேமக்கில் அடிப்பக்கம் முழுக்கக் காற்று தடவிக்கொண்டே போகும். 20 பாகை செல்சியஸ் இருக்கும்போதே பலருக்கு விடியற்காலையில் குளிரும். கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்தில் மார்கழி ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தரை விரிப்புக்கு விற்கும் ஃபோம் பாய், 250 கிராம், மலிவு. துணிக்குள் போட்டு மேலே படுக்கலாம், ஆனால் நகரும், தோள் பக்கம் வெளியே தெரியும். தோளுக்கு இரண்டு பக்கமும் துண்டு ஃபோம் வெட்டி ஒட்டினால் நன்றாக இருக்கும். இரண்டாவது அண்டர்க்வில்ட்: ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் பஞ்சுப் போர்வை. உடம்பு அதை நசுக்காது என்பதால் முழுச் சூடும் நிற்கும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அதனால் குளிர் மலைக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது போகிறவர்கள் மட்டும் வாங்குங்கள். தொட்டும் தொடாமலும் ஒட்டியிருக்கும்படி கட்ட வேண்டும், இடையில் கையளவு இடைவெளி விழுந்தால் வாங்கியதே வீண்.

13. நம்ம காட்டுக்குள்ள எங்க வேணாலும் கட்டித் தூங்கலாமா?

கூடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தங்குவது அடுத்த விஷயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகின, இறுகியது நியாயம்தான். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது, அங்கே வழிகாட்டியோடு நடக்கலாம். ஹேமக் கட்டி இரவு தங்க ஏற்ற இடம் உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் தோட்டங்கள், முகாம் நடத்தும் இடங்கள், சொந்தக்காரர் தோப்பு.

இன்னொன்று யானை. யானை நடமாடும் இடத்தில் டென்டும் பாதுகாப்பில்லை, ஹேமக்கும் இல்லை. தூளிக்குள் படுத்திருக்கும் ஆளால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள், எந்தப் பக்கம் வரும், கடைசியாக எப்போது வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

14. இமயமலை ட்ரெக்குக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?

வேண்டாம். இடத்துக்கு இடம் மாறினாலும் 3,500, 4,000 மீட்டரை ஒட்டி மரம் வளர்வது நின்றுவிடும், உயரமான முகாம்களில் கட்ட ஒன்றுமே இருக்காது. கீழே காட்டுப்பகுதி முகாம் மட்டும் என்றால் யோசிக்கலாம், அப்போது 12-வது பதில் கட்டாயம்.

15. நானே தைச்சுக்கலாமா?

தாராளமாக. மலைச்சாமான்களில் தைப்பதற்கு இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து இல்லை. 150 செ.மீ. அகலத்தில் நாலு மீட்டர் ரிப்ஸ்டாப் நைலான், நல்ல பாலியெஸ்டர் நூல் (பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுப்போகும்). நீளவாக்கு விளிம்புகளை இரண்டு மடிப்பு மடித்து ஒரு தையல். இரண்டு முனைகளிலும் விரல் நுழைகிற அளவு குழல் மடித்து மூன்று வரிசைத் தையல். அந்தக் குழலில் கயிறு கோத்து இறுக்கினால் துணி கொசுவமாகச் சுருங்கும், பாரம் தையலில் விழாமல் கொசுவத்தைக் கட்டிய கயிற்றில் விழும்.

தையல்காரரிடம் கொடுத்தால் ஊசியை மெலிசாகப் போடச் சொல்லுங்கள், தடி ஊசி நைலானில் ஓட்டை போட்டு அங்கிருந்தே கிழியும். முதல் தடவை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, கீழே மெத்தை போட்டு உட்கார்ந்து பாருங்கள். துணிக்கடையில் எடை எல்லை எழுதித் தர மாட்டார்கள், சோதனை உங்கள் பொறுப்பு.

16. ரிட்ஜ்லைன் போட்டா மரத்துக்கு வர்ற இழுவை குறையும்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. ரிட்ஜ்லைன் என்பது ஹேமக்கின் இரண்டு முனைகளையும் மேலே நேராக இணைக்கிற கயிறு. துணி நீளத்தில் 83 சதவீதம் வைப்பது வழக்கம், 335 செ.மீ. ஹேமக்குக்கு 278 செ.மீ. அது செய்கிற வேலை, எந்த மரத்தில் கட்டினாலும் ஒரே அளவு தொய்வு கிடைக்கச் செய்வது. வீட்டில் எப்படி வசதியாக இருந்ததோ அப்படியே மலையிலும் இருக்கும். கண்ணாடி, டார்ச் தொங்கவிடவும் உதவும்.

மரத்துக்கும் நாடாவுக்கும் வருகிற இழுவை நாடாவின் கோணத்தைப் பொறுத்ததுதான், 7-வது பதிலில் சொன்ன கணக்கு அப்படியே நிற்கும். நாடா 30 பாகையில் இருந்தால் 70 கிலோ ஆளுக்கு ரிட்ஜ்லைனில் வருவது 10 கிலோ அளவு இழுவைதான். நீங்கள் இழுத்துக்கட்டி 10 பாகை ஆக்கினால் மரத்துக்கு 200 கிலோ வருகிறது, துணி தொய்வாகத் தெரிவதால் உங்களுக்கு அது தெரியாது, மிச்ச இழுவை முழுக்க, 150 கிலோவுக்குப் பக்கம், அந்த மெல்லிய கயிறு தாங்கிக்கொண்டிருக்கும். படுத்தபடி ரிட்ஜ்லைனை இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் வளைந்தால் சரி. வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் இறங்கி நாடாவைத் தளர்த்துங்கள்.

17. எல்லாம் வாங்கியாச்சு, மொத்தம் 2 கிலோ வருது. எதைக் குறைக்கட்டும்?

ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதுங்கள், பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள், உறையும் கொக்கியும் அதில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. முதலில் கை வைக்க வேண்டியது நாடாவும் கொக்கியும்: காது வைத்த நாடா, இரும்புக் கொக்கி இவற்றிலிருந்து குட்டை நாடா, வூப்பி ஸ்லிங்குக்கு மாறினாலே 200 கிராம் போகும், தூக்கத்தில் ஒரு துளி குறையாது. அடுத்தது தார்ப்பாய், அங்கேதான் துணி அதிகம், அதனால் மிச்சமும் அதிகம். இரும்பு முளைக்குப் பதில் அலுமினியம்.

ஹேமக் துணியில் கடைசியாகக் கை வையுங்கள், அப்போதும் மெலிசாக்குங்கள், நீளத்தை வெட்டாதீர்கள். அண்டர்க்வில்டை முழு நீளத்திலிருந்து தோள் முதல் முழங்கால் வரை வருகிற முக்கால் அளவுக்கு மாற்றலாம், காலுக்கடியில் காலிப் பையை மடித்துப் போட்டால் போதும். தலையணை தூக்கி வருகிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள், தூளியில் தலைப்பக்கம் தானாகவே உயர்ந்திருக்கும், கழுத்துக்கு ஒரு மடித்த துண்டு தாராளம்.